மின்சாரக் குட்டி யானை: சார்ஜைத் தின்பது சுமையா, வேகமா?

பல்லடம் மளிகை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பல்லடத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பழைய டீசல் குட்டி யானையை விற்றுவிட்டு, 21 கிலோவாட் மணி பேட்டரி உள்ள மின்சார வண்டி ஒன்றை வாங்கி, கன்டெய்னர் பாடி கட்டி ஓட்டுகிறோம். அனுமதிக்கப்பட்ட சுமை 600 கிலோ. ஒரு சார்ஜில் 150 கி.மீ.க்கு மேல் ஓடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். சில நாட்கள் அதை நெருங்குகிறது, சில நாட்கள் 100 கி.மீ. தாண்டுவதே பெரும்பாடாக இருக்கிறது.

காரணம் தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு நடைக்கும் எத்தனை சதவீதம் சார்ஜ் இறங்கியது என்று ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னேன். வழி ஒன்றுதான்: பல்லடத்தில் ஏற்றி, திருச்சி சாலையில் சூலூர், சிங்காநல்லூர் வழியாகக் கோவையிலுள்ள ஒரு கிடங்கில் இறக்கிவிட்டு, வெறும் வண்டியாகத் திரும்புவது. ஒரு பக்கம் 38 கி.மீ. மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் மூத்த ஓட்டுநர் 600 கிலோவை ஏற்றிக்கொண்டு 50 கி.மீ. வேகத்தை ஒட்டியே ஓட்டியபோது போகும் நடைக்கு 30 சதவீதமும், திரும்பும் நடைக்கு 21 சதவீதமும் செலவானது. அதே மாதங்களில் இளைய ஓட்டுநர் 300 கிலோ மட்டும் ஏற்றிக்கொண்டு 70 கி.மீ. வேகத்தில் போனபோது போகும் நடைக்கே 39 சதவீதம் இறங்கியது. பாதிச் சுமைக்குக் கூடுதல் செலவு எப்படி ஆனது என்பது எனக்குப் புரியவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. ஜூன் மாதத்திலிருந்து மூத்த ஓட்டுநர் முழுச் சுமையோடு நிதானமாக ஓட்டினாலும் போகும் நடைக்கு 41 சதவீதம் ஆகிறது. ஆனால் திரும்பும் நடைக்கு 14தான். பேட்டரி தளர்ந்துவிட்டதோ என்று பயந்து சர்வீஸ் சென்டரில் காட்டினேன். பேட்டரியில் குறையில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

சுமையைப் பாதியாகக் குறைத்து இரண்டு நடையாக ஓட்டினால் ஆதாயம் உண்டா? மேலும், குன்னூரில் ஒரு கடைக்கு வாரம் ஒருமுறை சரக்கு கேட்கிறார்கள். இந்த வண்டியை அங்கே அனுப்பலாமா என்பதையும் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

பாலிடெக்னிக் வாத்தியார்

வணக்கம் ஐயா. நோட்டில் எழுதி வைத்தது மிக நல்ல வேலை. பெரும்பாலானோர் டாஷ்போர்டில் தெரியும் மீதிக் கிலோமீட்டரை மட்டும் பார்த்துவிட்டு வண்டியைத் திட்டுகிறார்கள். அது அண்மையில் ஓட்டிய விதத்தை வைத்து வண்டி போடும் ஊகமே.

சமதளச் சாலையில் சீரான வேகத்தில் போகும் வண்டியை இரண்டு விசைகள் பின்னால் இழுக்கின்றன. ஒன்று, டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் வரும் உருள் தடை. இது வண்டியின் மொத்த எடைக்கு நேர் விகிதத்தில் கூடும், 40 கி.மீ. வேகத்திலும் 70 கி.மீ. வேகத்திலும் ஏறத்தாழ ஒரே அளவுதான். மற்றொன்று காற்றுத் தடை. இதற்கு வண்டிக்குள் என்ன இருக்கிறது என்பது பற்றிக் கவலையே இல்லை, ஆனால் வேகத்தின் இருமடியில் ஏறும். வேகம் 50இலிருந்து 70 ஆனால் வேகம் கூடியது நாற்பது சதவீதம், காற்றுத் தடை கூடியதோ ஏறத்தாழ இரு மடங்கு. முன்னால் தட்டையான முகமும், கேபினுக்கு மேல் எழும்பி நிற்கும் கன்டெய்னரும் உள்ள வண்டி, காரைப் போலக் காற்றைக் கிழித்துப் போவதில்லை. சுவரைத் தள்ளிக்கொண்டு போவது போலத்தான் போகும்.

உங்கள் வண்டிக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஓட்டுநரோடு வெறும் வண்டி 1,300 கிலோ, முழுச் சுமையோடு 1,900 கிலோ என்றும், பேட்டரியிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் 80 சதவீதம் சக்கரத்தைச் சேரும் என்றும், டயருக்கும் கன்டெய்னர் வடிவத்துக்கும் வழக்கமான மதிப்புகளையும் வைத்துக்கொண்டேன். கிலோவாட் மணி என்பது நம் மின்கட்டண அட்டையில் வரும் யூனிட்டேதான் என்பதால் யூனிட்டிலேயே சொல்கிறேன். முழுச் சுமையோடு 50 கி.மீ. வேகத்தில் 100 கி.மீ. ஓட ஏறத்தாழ 15.4 யூனிட் வேண்டும், 60இல் 18.4, 70இல் 22. அதாவது 21 யூனிட்டையும் துடைத்து எடுத்தால், 50இல் 137 கி.மீ., 60இல் 114 கி.மீ., 70இல் 95 கி.மீ. இப்போது அதே 70 கி.மீ. வேகத்தில் 600 கிலோவையும் இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியை ஓட்டிப் பாருங்கள்: 109 கி.மீ. கிடைக்கும். முழுச் சரக்கையும் இறக்கிக் கிடைத்த ஆதாயம் 14 கி.மீ.; சரக்கைத் தொடாமல் வேகத்தை மட்டும் 60க்குக் குறைத்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியது 19 கி.மீ.

பாதிச் சுமையோடு 70இல் போன இளைஞருக்கு 39 சதவீதம் ஆனதில் வியப்பில்லை. கணக்குப்படி அவருக்கு 38 கி.மீ.க்கு 7.9 யூனிட் ஆக வேண்டும், முழுச் சுமையோடு 50இல் போன மூத்தவருக்கு 5.8 யூனிட். பல்லடத்தைவிடக் கோவை சில பத்து மீட்டர் உயரத்தில் இருப்பதால் இரண்டிலும் போகும் நடைக்கு ஓரிரு சதவீதம் கூடுதலாகும். உங்கள் நோட்டுக்கும் என் கணக்குக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

ஜூன் மாதப் புதிருக்குப் பேட்டரியைத் தேட வேண்டாம், வீட்டு மாடியில் ஏறி நின்று மேற்கே பாருங்கள். பல்லடம், உடுமலைப் பக்கம் இத்தனை காற்றாலைகளை எதற்காக நட்டார்களோ அதுதான் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காட்டுக் கணவாயில் நெருக்கப்பட்டு, வேகம் பிடித்து, கோவையையும் பல்லடத்தையும் நோக்கி வருகிறது. உங்கள் வண்டி சுமையோடு போவதோ மேற்கு நோக்கி. எதிர்க்காற்று 20 கி.மீ. வேகம் என்று வைத்தால், 50இல் ஓடும் வண்டிக்குக் காற்றைப் பொறுத்தவரை வேகம் 70. போகும் நடைக்கு 41, 42 சதவீதம் என்று கணக்கு வருகிறது. திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளுவதால் 14. ஆனால் போனதும் வந்ததும் சரிக்குச் சரியாகக் கழிந்துவிடுவதில்லை என்பதைக் கவனியுங்கள்: மார்ச் மாதத்தில் போகவர 51 சதவீதம், இப்போது 55. இருமடியில் ஏறுகிற ஒன்று எதிர்க்கும்போது எடுத்துக்கொள்வதை, பின்னிருந்து தள்ளும்போது முழுதாகத் திருப்பித் தராது. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். கன்டெய்னர் கட்டிய வண்டி எம்மாத்திரம்.

இரண்டு நடை யோசனையைக் கைவிட்டுவிடுங்கள். பாதிச் சுமையால் ஒரு நடைக்கு மிச்சமாவது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அதற்காக முழு வழியையும் இன்னொரு முறை ஓட வேண்டியிருக்கும்.

விளம்பரத்தில் சொன்ன தூரம் பற்றியும் ஒரு சொல். இந்தியாவில் பயன்படுத்தப்படும் ஓட்டச் சுழற்சிச் சோதனையில் வண்டியை உருளைகளின் மேல் நிறுத்தி, 1,180 வினாடிகளில் சுமார் 10.6 கி.மீ. ஓட்டுகிறார்கள். சராசரி வேகம் 32 கி.மீ.தான் வரும், உச்ச வேகமான 90 சில வினாடிகளே நீடிக்கும், முழுச் சுமையும் வைப்பதில்லை. அந்த எண் பொய்யில்லை, ஆனால் அது உங்கள் திருச்சி சாலை நடையின் எண்ணும் இல்லை.

---

சிங்காநல்லூர் ஓட்டுநர்

வாத்தியார் ஐயா சொன்னது நெடுஞ்சாலைக்கு முழுக்கச் சரி. நான் மூன்று ஆண்டுகளாக ஊருக்குள் மின்சார வண்டியில் கடை கடையாகச் சரக்குப் போடுகிறேன். ஊருக்குள் வேகம் 40ஐத் தாண்டுவதே அரிது, அங்கே காற்று பெரிய பொருட்டில்லை. அங்கே சார்ஜைத் தின்பது நின்று நின்று கிளம்புவதுதான், அதில் சுமைக்குப் பெரும் பங்கு உண்டு. வெறும் வண்டியைத் தள்ளிக் கிளப்புவதற்கும் மூட்டை ஏற்றிய வண்டியைத் தள்ளிக் கிளப்புவதற்கும் உள்ள வேறுபாடு தோளுக்குத் தெரியும், மோட்டாருக்கும் அப்படித்தான்.

எங்கள் வண்டிகளில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே டைனமோ போல மாறி வண்டியை இழுத்துப் பிடித்து, கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. சிவப்பு விளக்கைத் தொலைவிலேயே பார்த்துவிட்டு முன்கூட்டியே காலை எடுக்கும் ஓட்டுநருக்கு இந்த மின்சாரம் கிடைக்கும். விளக்குக்கு இருபது அடி முன்னால் வந்து பிரேக்கை மிதிப்பவருக்கு அது அத்தனையும் பிரேக் கட்டையில் சூடாகப் போய்விடும். ஒரே வண்டி, ஒரே வழி, ஒரே சுமையில், எங்களுக்குள்ளேயே ஓட்டுநருக்கு ஓட்டுநர் மாலையில் மீதமிருக்கும் சார்ஜ் வேறுபடுவதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் அனுபவம்.

இரண்டாவது டயர் காற்று. சுமை ஏற்றும் வண்டிக்குப் பின் டயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது கதவோரம் ஒட்டிய தாளில் போட்டிருக்கும். பலர் முன் டயர் அளவையே பின்னாலும் அடித்துவிட்டு ஓட்டுகிறார்கள். வாரம் ஒருமுறை காலையில், டயர் சூடாவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். டீசல் வண்டியில் காற்று குறைந்திருந்தால் தெரியவே தெரியாது, இதில் அன்றைக்கே தெரிந்துவிடும்.

சரக்கு அடுக்கும் முறையிலும் ஒன்று சொல்ல வேண்டும். கனமான மூட்டைகளைக் கடைசிக் கடைக்கென்று உள்ளே வைத்துவிட்டால், அந்த எடையை வழிநெடுக ஒவ்வொரு நிறுத்தத்திலும் மறுபடி மறுபடி கிளப்ப வேண்டியிருக்கும். முடிந்தவரை எண்ணெய் டின்னும் சர்க்கரை மூட்டையும் முதலில் இறங்கும்படி வழியை அமைத்துக்கொள்வோம். உங்களுக்கு ஒரே கிடங்கு என்பதால் இது பொருந்தாது. பிற்பாடு கடைகளுக்கு நேரடியாகப் போட ஆரம்பித்தால் நினைவில் வையுங்கள்.

---

பாலிடெக்னிக் வாத்தியார்

ஓட்டுநர் அண்ணன் சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். 1,900 கிலோ வண்டியை 40 கி.மீ. வேகத்துக்குக் கொண்டுவர ஒவ்வொரு முறையும் பேட்டரியிலிருந்து 41 வாட் மணி போகிறது, வெறும் வண்டிக்கு 28. நாற்பது முறை நின்று கிளம்பி, ஒவ்வொரு முறையும் பிரேக்கிலேயே நிறுத்தினால், முழுச் சுமைக்கு 1.6 யூனிட்டுக்கு மேல், அதாவது பேட்டரியில் ஏறத்தாழ எட்டு சதவீதம், நிற்பதிலும் கிளம்புவதிலுமே தீர்ந்துவிடும். டயர் விஷயமும் சிறிதல்ல: காற்று குறைந்து, உருள் தடைக் குணகம் (எடையில் எத்தனை பங்கு உருள் தடையாகிறது என்ற எண்) 0.013இலிருந்து 0.015ஆக ஏறினால், அது வண்டியில் ஏறத்தாழ 300 கிலோவைக் கூடுதலாக ஏற்றியதற்குச் சமம்.

---

லண்டன் பார்சல்

வணக்கம். இங்கே லண்டனில் பார்சல் வேன் ஓட்டுகிறேன். இங்குள்ள நிலையையும் சொன்னால் ஒப்பிட்டுப் பார்க்க உதவும் என்று எண்ணுகிறேன்.

நிசான் இ-என்.வி.200 என்றொரு வேன் இங்கே பல ஆண்டுகள் விற்பனையில் இருந்தது. 40 கிலோவாட் மணி பேட்டரி கொண்ட அந்த வேனுக்கு ஐரோப்பியச் சோதனையில் இரண்டு தூரங்கள் அறிவிக்கப்பட்டன: நகருக்குள் மட்டும் ஓட்டினால் 301 கி.மீ., நெடுஞ்சாலையும் சேர்ந்த கலப்பு ஓட்டத்தில் 200 கி.மீ. வண்டி ஒன்று, பேட்டரி ஒன்று. வேகம் கூடியதும் மூன்றில் ஒரு பங்கு தூரம் போய்விட்டது. உயரமான பெட்டி வடிவ வேனுக்கு வேகம் எவ்வளவு பெரிய எதிரி என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை. இங்கு டபிள்யூ.எல்.டி.பி. என்னும் சோதனை முறையில் சரக்கு வேன்களை வெறும் வண்டியாகச் சோதிப்பதில்லை, ஏற்றக்கூடிய சுமையில் 28 சதவீதத்தைக் கணக்கில் சேர்க்கிறார்கள். இருந்தாலும் முழுச் சுமையோடு புறப்படுகிறவருக்கு அந்த எண்ணும் கைக்கெட்டாது.

மோட்டார்வேயில் எங்களுக்கு மணிக்கு 70 மைல், அதாவது 113 கி.மீ. வரை அனுமதி உண்டு. 60 மைலுக்குக் குறைத்தால் காற்றுத் தடை கால் பங்குக்கு மேல் குறைந்துவிடும். அதனால்தான் சில உரிமையாளர்கள் வேகத்தை மென்பொருளிலேயே கட்டிப்போட்டு வண்டியைக் கொடுக்கிறார்கள். முதலில் எரிச்சலாக இருக்கும், பிறகு பழகிவிடும்.

ஆனால் மெதுவாகப் போகப் போகச் செலவு குறைந்துகொண்டே போகும் என்று எண்ணிவிடக் கூடாது. குளிர்காலத்தில் ஹீட்டர் 3 கிலோவாட் இழுக்கிறது என்று வையுங்கள். அது வண்டி ஓடும் தூரத்தைப் பார்ப்பதில்லை, கடிகாரத்தைத்தான் பார்க்கிறது. நெரிசலில் மணிக்கு 15 கி.மீ. போகும் நாளில், 100 கி.மீ.க்கு 20 யூனிட் ஹீட்டருக்கு மட்டுமே ஆகும். ஆகவே ஜனவரியில் நாங்கள் இருக்கைச் சூட்டையும் கம்பளி மேலங்கியையும் நம்பித்தான் பிழைக்கிறோம். உங்கள் வண்டிக்கு ஹீட்டரும் இல்லை, அநேகமாக ஏசியும் இருக்காது. இந்தத் தொல்லை உங்களுக்கு இல்லை என்பதில் கொஞ்சம் பொறாமைதான்.

---

பல்லடம் மளிகை

எல்லோருக்கும் மிக்க நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதைப் படித்த மறுநாளே இளைய ஓட்டுநரையும் 50ஐத் தாண்ட வேண்டாம் என்று சொல்லி, முழுச் சுமையோடு அனுப்பினேன். மேல்காற்று பலமாகத்தான் இருந்தது. போகும் நடைக்கு 42 சதவீதம் ஆனது. அதே தம்பி போன வாரம் பாதிச் சுமையோடு தன் வேகத்தில் போனபோது 52 ஆகியிருந்தது. நேரம் பத்துப் பதினைந்து நிமிடம் கூடுதலாக ஆனது என்று முணுமுணுத்தார். பின் டயர்களில் காற்று குறைவாக இருந்ததையும் கண்டு சரிசெய்துவிட்டோம். அதனால் எவ்வளவு மிச்சம் என்று சொல்ல இன்னும் சில நாட்கள் நோட்டைப் பார்க்க வேண்டும்.

குன்னூர் பற்றி யாரும் சொல்லவில்லையே. கோவையில் இறக்காமல் 600 கிலோவையும் நேரே குன்னூருக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

---

பாலிடெக்னிக் வாத்தியார்

மறந்துவிட்டேன், மன்னிக்கவும். மலையில் இதுவரை சொன்ன கணக்கு தலைகீழாகிவிடுகிறது. அங்கே வேகம் குறைவு, காற்றுக்கு வேலையில்லை, சுமைதான் ராஜா.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சுமார் 34 கி.மீ. தூரத்தில் ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம் ஏற வேண்டும். 1,900 கிலோவை அவ்வளவு உயரம் தூக்குவதற்கே பேட்டரியிலிருந்து பத்து யூனிட் போய்விடும். உருள்வதற்கும் காற்றுக்கும் சேர்த்து இன்னும் மூன்றரை, நான்கு யூனிட். ஆக, 34 கி.மீ.க்குப் பேட்டரியில் 65 சதவீதம். சுமையை 300 கிலோவாகக் குறைத்தால் 55 சதவீதத்தில் முடியும். இதே 34 கி.மீ. சமதளமாக இருந்தால் அந்த 300 கிலோவால் வரும் வேறுபாடு வெறும் இரண்டு சதவீதம்தான்.

பல்லடத்திலிருந்து கோவைக்கு 30 சதவீதம், அங்கிருந்து மேட்டுப்பாளையம் 36 கி.மீ.க்கு ஏறத்தாழ 26 சதவீதம் என்றால், மலையடிவாரத்தில் கையிருப்பு 44தான். அதோடு மேலே ஏற முடியாது. மேட்டுப்பாளையத்திலேயே நிறுத்தி 90 சதவீதமாவது ஏற்றிக்கொள்ள வேண்டும். மேலே போய்ச் சேரும்போது 25 மீதமிருக்கும். வெறும் வண்டியாக இறங்கும்போது, ஓட்டுநர் பிரேக்கைத் தொடாமல் மோட்டாரின் பிடியிலேயே இறங்கினால், ஒன்றரை முதல் இரண்டு யூனிட் திரும்ப ஏறக்கூடும். பிறகு பல்லடம் வந்து சேர அது போதாது, மேட்டுப்பாளையத்தில் இன்னொரு முறை சார்ஜ் போட வேண்டும்.

ஒன்றை மட்டும் ஓட்டுநரிடம் அழுத்திச் சொல்லிவிடுங்கள். குன்னூரில் சார்ஜர் கிடைத்தாலும் அங்கே நூறு சதவீதம் நிரப்பிக்கொண்டு இறங்கக் கூடாது. நிரம்பிய பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்ப இடமிருக்காது, மோட்டாரின் பிடி கிடைக்காது, கொண்டை ஊசி வளைவுகள் முழுவதும் கால் பிரேக்கை மட்டுமே நம்ப வேண்டியிருக்கும். இந்த வண்டியில் இரண்டாம் கியர் போட்டு இறக்குவது என்ற வழியும் இல்லை. 600 கிலோவுக்கு மேல் ஒரு மூட்டைகூட அந்தப் பாதையில் ஏற்ற வேண்டாம்.

வாரம் ஒரு நடைக்காக ஓட்டுநரை அடிவாரத்தில் இரண்டு முறை சார்ஜருக்குக் காத்திருக்க வைப்பதைவிட, அந்தச் சரக்கை மேட்டுப்பாளையம் வரை கொண்டுபோய், அங்கிருந்து குன்னூருக்குப் போகும் டீசல் வண்டி ஒன்றில் மாற்றிவிடுவது உங்களுக்குக் கட்டுப்படியாகும் என்று நினைக்கிறேன். லாரி வாடகையைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.